முப்பது ஆண்டு அவகாசம்

கொல்கத்தாவின் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையில் இருக்கும் எஸ்எஸ்கேஎம் மருத்துவமனையை ஊர்க்காரர்கள் இன்றும் ‘பிஜி ஆஸ்பத்திரி’ என்றுதான் சொல்கிறார்கள். பிரசிடென்சி ஜெனரல் என்று வெள்ளைக்காரர் காலத்தில் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்ந்து, அதன் எச்சில் வழியாக அடுத்த உயிருக்குப் போகிறது என்பதை 1898-ல் ரொனால்டு ராஸ் பறவைகளை வைத்து நிரூபித்தது இந்த வளாகத்தில்தான். நூறு ஆண்டுகள் கழித்து, இதே வளாகத்தின் ஈரல் மருத்துவர்கள் வேறொரு தொற்றைத் தேடிப் புறப்பட்டார்கள். அபிஜித் சௌத்ரி, அமல் சாந்த்ரா முதலானோர் அடங்கிய அந்தக் குழு, வார்டுக்கு வந்துசேரும் நோயாளிகளை எண்ணுவதோடு நிற்கவில்லை. மேற்கு வங்கத்துக் கிராமங்களுக்குப் போய், தங்கள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்த சாதாரண மக்களிடம் ரத்தம் எடுத்துப் பார்த்தது.

2003-ல் வெளியான முதல் முடிவு: பரிசோதித்த 2,973 பேரில் 26 பேருக்கு ஹெபடைடிஸ் சி வைரஸ் தொற்றியதற்கான அடையாளம் இருந்தது. 2005-ல் வெளியான அடுத்த முடிவு: 7,653 பேரில் 227 பேரின் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருந்தது. நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பேர்.

அவர்கள் யாரும் ஈரல் நோய்க்கு வைத்தியம் தேடி வந்தவர்கள் அல்லர். ஆய்வுக் குழு அவர்களைத் தேடிப் போயிருக்காவிட்டால், அந்த வைரஸ் இருப்பது பலருக்குக் கடைசிவரை தெரியாமலே போயிருக்கும். சிலருக்கு இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து வயிறு வீங்கியபோதோ, ரத்த வாந்தி எடுத்தபோதோ, வலப்பக்க விலாவுக்குக் கீழே கட்டி தட்டுப்பட்டபோதோ தெரியவந்திருக்கும். அப்போது அதன் பெயர் வைரஸ் தொற்று அல்ல, ஈரல் புற்றுநோய்.

உலகில் 2022-ல் மட்டும் சுமார் 8.66 லட்சம் பேருக்கு ஈரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் அந்த நோயால் இறந்தவர்கள் சுமார் 7.58 லட்சம் பேர். இந்த இரண்டு எண்களும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதே நோயின் கொடுமையைச் சொல்லிவிடும். ஆனால் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. பெரும்பாலான புற்றுநோய்களுக்கு ‘இதனால்தான் வந்தது’ என்று விரல் நீட்டிச் சொல்ல முடிவதில்லை. ஈரல் புற்றுநோயில் பெரும்பகுதிக்குச் சொல்ல முடியும். காரணம் ரத்தத்தில் இருக்கிறது. மலிவான ஒரு பரிசோதனையில் தெரிகிறது. தொற்று புற்றாக மாற இருபது, முப்பது ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு நீண்ட அவகாசம் தரும் புற்றுநோய்கள் மிகக் குறைவு. அந்த அவகாசத்தை நாம் வீணாக்குகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

காமாலை வந்தால்தானே ஈரல் நோய்?

அவகாசம் வீணாவதற்கு முதல் காரணம், ஈரல் நோய் என்றாலே மஞ்சள் காமாலை என்று நம் மனதில் பதிந்திருப்பது.

ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் வைரஸ்களில் முக்கியமானவை ஐந்து: ஏ, பி, சி, டி, ஈ. இவற்றில் ஏ-யும் ஈ-யும் கழிவு கலந்த குடிநீர், உணவு வழியாக வருபவை. மழைக்காலத்தில் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் கலந்துவிடும் நகரங்களில் கொத்துக்கொத்தாகக் காமாலை வருவது இவற்றால்தான். கண் மஞ்சளாகும், சிறுநீர் மஞ்சளாகும், சோற்றைக் கண்டாலே குமட்டும். சில வாரங்களில் பெரும்பாலானோருக்கு உடல் தானே வைரஸை விரட்டிவிடும். கர்ப்பிணிகளுக்கு ஈ வகை உயிராபத்தாகலாம். ஆனாலும் இந்த இரண்டும் ஈரல் புற்றுநோயைத் தருவதில்லை.

வங்கத்தில் காமாலை கண்டவரின் தலையில் சிறு தண்டுத் துண்டுகளைக் கோத்த ஒரு மாலையை வைப்பார்கள். நாளாக ஆக மாலை நீண்டு கீழே இறங்கும், அதோடு காமாலையும் இறங்கிவிடும் என்று நம்பிக்கை. நம் ஊரில் மந்திரிப்பார்கள், கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பார்கள். ஏ-யோ ஈ-யோ தாக்கியவருக்கு எதைச் செய்தாலும் பெரும்பாலும் குணமாகிவிடும் என்பதால் ஒவ்வொரு வைத்தியமும் வெற்றி பெற்றதாகவே தோன்றும். தலைமுறை தலைமுறையாக நம்பிக்கை பலப்பட்டது இப்படித்தான்.

பி-யும் சி-யும் வேறு இனம். அவை ரத்தத்தின் வழியாகவும், உடல் திரவங்களின் வழியாகவும் பரவுகின்றன: தொற்றுள்ள தாயிடமிருந்து பிரசவத்தின்போது குழந்தைக்கு, பரிசோதிக்காத ரத்தம் ஏற்றும்போது, கழுவிக் கழுவி மறுபடி பயன்படுத்தும் ஊசியில், பாதுகாப்பில்லாத உடலுறவில், ஒருவர் சவரம் செய்த பிளேடை இன்னொருவர் எடுக்கும்போது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத் துளியில்கூடக் குறைந்தது ஏழு நாட்கள் வீரியத்தோடு இருக்கும். ஈரலில் தங்கிவிட்ட பி-யும் சி-யும் பெரும்பாலானோரிடம் காமாலையைக் காட்டுவதே இல்லை. பசி இருக்கும், தூக்கம் இருக்கும், வேலை நடக்கும். கண்ணில் மஞ்சள் இல்லாததால் ஈரல் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம்.

கல்கத்தாவில் வேலை பார்த்துவிட்டுப் பம்பாய்க்குப் போய் நடிகரான அமிதாப் பச்சன் தன் கதையைப் பொதுமேடைகளில் பலமுறை சொல்லியிருக்கிறார். 1982-ல் பெங்களூரில் ‘கூலி’ படப்பிடிப்பில் அடிபட்டபோது அவருக்கு ஏராளமான பேரின் ரத்தம் ஏற்றப்பட்டது. அதில் யாரோ ஒருவரின் ரத்தத்தோடு ஹெபடைடிஸ் பி-யும் வந்தது. பல ஆண்டுகள் கழித்து வழக்கமான ஒரு பரிசோதனையில் அது தெரியவந்தபோது, தன் ஈரலில் 75 சதவீதம் கெட்டுப்போயிருந்தது என்கிறார். இந்தியாவின் மிகச் சிறந்த மருத்துவமனைகள் எட்டும் தூரத்தில் இருந்த ஒருவரின் உடலிலேயே அந்த வைரஸ் அவ்வளவு காலம் ஒளிந்திருக்க முடிந்தது.

தைவானின் 22,707 ஆண்கள்

இந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதே தற்செயலாகத்தான். 1960-களில் அமெரிக்க மருத்துவர் பரூக் பிளம்பர்க், உலகின் பல இனத்தாரின் ரத்தத்தில் இருக்கும் புரத வேறுபாடுகளைத் தேடிக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் இருந்த விநோதமான ஒரு புரதம், பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு ஹீமோபிலியா நோயாளியின் ரத்தத்தோடு வினைபுரிந்தது. ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்று பெயரிட்டார்கள். அது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறை என்பது சில ஆண்டுகளில் தெளிந்தது. இன்று ஆய்வகத் தாளில் ‘எச்பிஎஸ்ஏஜி’ என்று வருவது அந்த ஆன்டிஜென்தான். பிளம்பர்க்குக்கு 1976-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த வைரஸ் இருப்பவர்களுக்கு ஈரல் புற்றுநோய் அதிகம் வருவதாக மருத்துவர்கள் கவனித்தார்கள். ஆனால் ஒன்றாகக் காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. புற்று வந்த ஈரலில் வைரஸ் பிறகு வந்து குடியேறியிருக்கலாம் அல்லவா? எது முந்தியது என்று அறிய ஒரே வழி, நலமாக இருப்பவர்களைப் பரிசோதித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வது.

பாமர் பீஸ்லி என்ற அமெரிக்க மருத்துவர் தைவானில் அதைச் செய்தார். 1970-களின் பிற்பாதியில் 22,707 ஆண்களை, பெரும்பாலும் அரசு ஊழியர்களை, சேர்த்துக்கொண்டார். அவர்களில் 3,454 பேருக்கு ஹெபடைடிஸ் பி இருந்தது. மற்ற 19 ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு இல்லை. சில ஆண்டுகளுக்குள் 41 பேருக்கு ஈரல் புற்றுநோய் வந்தது. அந்த 41 பேரில் 40 பேர் வைரஸ் இருந்தவர்கள். வைரஸ் இல்லாத அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரே ஒருவர். 1981-ல் லான்செட் இதழில் வெளியான கணக்குப்படி, வைரஸ் இருப்பவருக்கு ஆபத்து 223 மடங்கு. புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக்கூட இந்த எண் சிறியதாக்கிவிடும். 1994-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, ஹெபடைடிஸ் பி, சி இரண்டையும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று ஐயத்துக்கிடமில்லாத முதல் பட்டியலில் சேர்த்தது.

செல்லுக்குள் நடப்பது

சில ஆயிரம் மரபெழுத்துகள் மட்டுமே கொண்ட ஒரு வைரஸ் எப்படிப் புற்றை உண்டாக்குகிறது?

ஹெபடைடிஸ் பி வைரஸின் டிஎன்ஏ-யில் இருப்பவை சுமார் 3,200 எழுத்துகள். மனித டிஎன்ஏ-யிலோ 300 கோடி. ஈரல் செல்லின் மேற்பரப்பில் பித்த உப்பை உள்ளே இழுக்கும் ஒரு புரத வாசல் இருக்கிறது. வைரஸ் அதன் வழியாகவே நுழைகிறது என்று 2012-ல் பெய்ஜிங் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். உள்ளே போனதும் அது செல்லின் கருவுக்குள் சென்று, தன் டிஎன்ஏ-யை முடிச்சில்லாத ஒரு வளையமாக மாற்றிக்கொள்கிறது. செல் உயிரோடு இருக்கும்வரை அந்த வளையமும் இருக்கும். இன்றைய மருந்துகள் வைரஸ் பெருகுவதை அடக்குகின்றன. அந்த வளையத்தை அழிக்கும் மருந்து இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. அதனால்தான் பி-யைக் கட்டுக்குள் வைக்க முடிகிறது, முற்றிலும் ஒழிப்பது அரிதாக இருக்கிறது.

புற்றுக்கான பாதை இரண்டு. முதலாவது, வைரஸின் டிஎன்ஏ துண்டுகள் நம் டிஎன்ஏ-க்குள் போய்ச் செருகிக்கொள்வது. எங்கே செருகும் என்பதற்குக் கணக்கில்லை. பல லட்சம் செல்களில் பல ஆண்டுகள் நடக்கும்போது, ஏதோ ஒரு செல்லில், செல்லைச் சாகாவரம் பெறவைக்கும் டெலோமரேஸ் மரபணுவின் பக்கத்தில் போய் அமர்ந்துவிடலாம். வழக்கமாக அணைந்து கிடக்கும் அந்த மரபணு விழித்துக்கொள்கிறது. வைரஸின் எக்ஸ் என்ற புரதமும் செல்லின் காவல் ஏற்பாடுகளைக் குலைக்கிறது. ஈரல் சுருங்காத நிலையிலும் பி வைரஸ் புற்றைத் தந்துவிடுவது இதனால்தான்.

இரண்டாவது பாதை மெதுவானது; பி, சி இரண்டுக்கும் பொதுவானது. இந்த வைரஸ்கள் ஈரல் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. நம் நோய் எதிர்ப்பு அணுக்கள்தான் வைரஸ் குடியிருக்கும் செல்களைத் தேடிப் பிடித்துக் கொல்கின்றன. ஈரல் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் உறுப்பு ஆதலால், செத்த செல்லுக்குப் பதில் புதிய செல் பிறக்கிறது. அதிலும் வைரஸ் ஏறுகிறது, அதுவும் கொல்லப்படுகிறது. இந்த அழிவும் ஆக்கமும் இருபது, முப்பது ஆண்டுகள் ஓயாமல் நடக்கின்றன. ஓலைச்சுவடியைப் பார்த்துப் படியெடுத்து, அந்தப் படியைப் பார்த்து இன்னொரு படியெடுத்துக்கொண்டே போனால் ஏடு எழுதியவரின் கைப்பிழைகள் கூடிக்கொண்டே வருவது போல, ஒவ்வொரு செல் பிறப்பிலும் மரபெழுத்துப் பிழைகள் சேர்கின்றன. காயம் ஆறிய இடங்களில் தழும்பு நார் படர்ந்து ஈரல் இறுகிச் சுருங்குகிறது. அதுதான் சிரோசிஸ். இப்படி இறுகிய ஈரலில், பிழைகள் மிகுந்த ஏதோ ஒரு செல் கட்டுப்பாட்டை மீறி வளரத் தொடங்குகிறது.

எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்பதும் முக்கியம். தைவானில் 3,653 பேரைப் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. ரத்தத்தில் வைரஸ் கிட்டத்தட்ட இல்லாதவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவுக்கே புற்றுநோய் வந்தது. மிக அதிகமாக இருந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவுக்கு வந்தது. வைரஸை மருந்தால் அடக்கினால் புற்றின் ஆபத்தும் குறையும் என்ற எண்ணத்துக்கு இது வலுவூட்டியது. டெனோஃபோவிர், என்டகாவிர் என்ற மாத்திரைகள் இன்று அதைத்தான் செய்கின்றன.

ஹெபடைடிஸ் சி வேறு வகை. அது ஆர்என்ஏ வைரஸ். செல்லின் கருவுக்குள் போவதில்லை, நம் டிஎன்ஏ-யில் செருகுவதில்லை. பெரும்பாலும் ஈரலை இறுகவைத்து, அந்த இறுக்கத்தின் வழியாகவே புற்றைத் தருகிறது. சி வைரஸால் சிரோசிஸ் வந்தவர்களில் ஆண்டுதோறும் நூற்றுக்கு ஒருவர் முதல் நால்வர் வரை புற்றுநோய்க்கு ஆளாகிறார்கள். ஆனால் செல்லின் கருவில் ஒளிந்துகொள்ள அதற்கு இடமில்லை என்பதாலேயே அதை முழுதாக ஒழிக்க முடிகிறது.

எண்பத்து நான்காயிரம் டாலரும் இருபதாயிரம் ரூபாயும்

1989-ல் சி வைரஸ் அடையாளம் காணப்பட்டது. அதற்குப் பங்களித்த ஹார்வி ஆல்டர், மைக்கேல் ஹாட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் 2020-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு வைரஸைக் கண்டுபிடித்து, அதற்குக் குணமளிக்கும் மாத்திரையையும் கால் நூற்றாண்டுக்குள் கண்டது மருத்துவ வரலாற்றில் பெரிய சாதனை. 2013-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோஃபோஸ்புவிரையும் அதன் துணை மருந்துகளையும் பன்னிரண்டு வாரங்கள் சாப்பிட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு வைரஸ் முற்றிலும் போய்விடுகிறது.

அமெரிக்காவில் ஒரு மாத்திரை 1,000 டாலர், முழுச் சிகிச்சைக்கு 84,000 டாலர் என்று விலை வைத்தார்கள். காப்புரிமை வைத்திருந்த கிலியட் நிறுவனம் 2014-ல் இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்தது. 2015-ல் இங்கே ஒரு மாதத்துக்கான குப்பி 20,000 ரூபாய்க்குள் வந்தது. பிறகு இன்னும் இறங்கியது. 2016-ல் பஞ்சாப் அரசு இலவசமாகவே சி-க்குச் சிகிச்சை தரத் தொடங்கியது. 2018 ஜூலை 28 அன்று, பிளம்பர்க்கின் பிறந்தநாளான உலக ஹெபடைடிஸ் தினத்தில், தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இன்று அரசு மையங்களில் இலவசம். மருந்து இருக்கிறது, காசும் வேண்டாம். குறைவது வந்து பரிசோதித்துக்கொள்ளும் மனிதர்கள்தான்.

வங்கத்தின் ஈரல்

இந்தக் கதையில் கொல்கத்தாவுக்குத் தனி இடம் உண்டு. ஹெபடைடிஸ் பி வைரஸில் பல மரபு வகைகள் இருக்கின்றன. இந்தியாவின் பெரும்பகுதியில் காணப்படுபவை பி வைரஸின் ஏ, டி மரபு வகைகள். சீனா, கொரியா முதலான கிழக்காசிய நாடுகளில் அதிகம் காணப்படுவது அதன் சி மரபு வகை. புற்றுநோயோடு நெருங்கிய தொடர்புள்ளது அதுதான். கொல்கத்தாவில் ருனு சக்கரவர்த்தி முதலான ஆய்வாளர்கள் வைரஸ்களின் மரபெழுத்தைப் படித்தபோது மூன்று வகைகளும் அங்கே கலந்து கிடப்பது தெரிந்தது. இரண்டு நிலப்பரப்புகளின் வைரஸ்கள் சந்திக்கும் இடம் அது. சக்கரவர்த்தி பங்கேற்று 2007-ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, வழக்கமான எச்பிஎஸ்ஏஜி சோதனையில் ‘இல்லை’ என்று தேறிய ரத்ததானக் குருதியிலும் சில வேளை வைரஸின் டிஎன்ஏ மறைந்திருப்பதைக் காட்டியது.

வங்கத்தில் இது சின்ன விஷயமல்ல. தலசீமியா என்ற ரத்த நோய் அதிகம் உள்ள மாநிலங்களில் அது ஒன்று. அந்த நோயுள்ள குழந்தைகள் பிழைத்திருக்கவே மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டும். எத்தனை பேரின் ரத்தம் உடலில் ஏறுகிறதோ அத்தனை முறை ஆபத்தும் கூடவே வருகிறது. பணத்துக்கு ரத்தம் விற்கும் வழக்கத்தை உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு 1998-லிருந்து தடுத்ததும், ரத்த வங்கிகளில் பி-யோடு சி-க்கும் பரிசோதனை கட்டாயமானதும் இந்தக் குழந்தைகளுக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு.

ஊசி இன்னொரு வாசல். கிராமத்து மனிதருக்கு ஊசி போட்டால்தான் வைத்தியம் பார்த்ததாக அர்த்தம். இந்தியாவில் ஆண்டுக்கு 300 கோடி ஊசிகள் போடப்படுவதாகவும், அவற்றில் 60 சதவீதத்துக்கு மேல் ஏதோ ஒரு விதத்தில் பாதுகாப்பற்றவை என்றும் 2000-களில் நடந்த தேசிய ஆய்வு சொன்னது. 2009-ல் குஜராத்தின் மோடாசாவில் மறுபடி பயன்படுத்திய ஊசிகளால் ஹெபடைடிஸ் பி கொள்ளைநோயாகப் பரவிப் பல பத்துப் பேர் இறந்தார்கள்.

வங்கக் கிராமங்களில் முதல் வைத்தியர் பெரும்பாலும் ‘ஹாத்துடே டாக்தார்’ எனப்படும், பட்டம் இல்லாதவர். அவரை விரட்டுவதா, திருத்துவதா என்பது நெடுங்கால வழக்கு. அபிஜித் சௌத்ரியும் நண்பர்களும் தொடங்கிய ‘லிவர் பவுண்டேஷன், வெஸ்ட் பெங்கால்’ அமைப்பு திருத்தும் வழியை எடுத்துக்கொண்டது. சாந்திநிகேதன் இருக்கும் பீர்பூம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட வைத்தியர்களுக்கு ஒன்பது மாதப் பயிற்சி கொடுத்தது. பயன் இருந்ததா என்று பார்க்க, கொல்கத்தாவில் வளர்ந்தவரும் பின்னாளில் பொருளாதார நோபல் பெற்றவருமான அபிஜித் பானர்ஜி, ஜிஷ்ணு தாஸ் முதலானோர் சேர்ந்து 304 வைத்தியர்களை வைத்து ஆய்வு நடத்தினார்கள். நோயாளி போல நடிக்கப் பழக்கிய ஆட்களை அனுப்பிப் பார்த்தார்கள். 2016-ல் சயன்ஸ் இதழில் முடிவு வந்தது. பயிற்சி பெற்றவர்கள் நோயைச் சரியாகக் கையாள்வது கூடியிருந்தது. தேவையில்லாத மருந்து எழுதுவதோ குறையவில்லை. பாதி வெற்றிதான். ஆனாலும், ஒரு ஈரல் மருத்துவ அமைப்பு மருத்துவமனைக்கு வெளியே, ஊசி பிடிக்கும் கையை நோக்கிப் போனது சரியான திசை என்றே நினைக்கிறேன்.

சௌத்ரியின் ஈரல் மருத்துவர் குழு பீர்பூமில் 1,911 பேரை ஆராய்ந்து 2010-ல் இன்னொன்றும் சொன்னது. மெலிந்த உடல்வாகு கொண்ட ஏழைக் கிராமத்தினரிலும் நூற்றுக்கு எட்டு, ஒன்பது பேருக்கு ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் பருமனானவர்கள் அல்லர். வைரஸ் தங்கிய ஈரலில் கொழுப்பு, சர்க்கரை நோய், மது, பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் ஊறும் அஃப்ளாடாக்சின் நஞ்சு என்று எது சேர்ந்தாலும் புற்றுக்கான காலம் சுருங்குகிறது.

கீழாநெல்லியின் கதை

தமிழ் வாசகர் கட்டாயம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: கீழாநெல்லி கேட்காதா? அந்தக் கேள்வியை அறிவியல் மரியாதையோடு எடுத்துக்கொண்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, பிளம்பர்க்கோடு சேர்ந்து, ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்துப் பார்த்தது. 1988-ல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. மூலிகை எடுத்த 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் ஆன்டிஜென் மறைந்துவிட்டது. மருந்தில்லாத பொடி எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு தாய்லாந்து முதலான இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. 2011-ல் எல்லாச் சோதனைகளையும் அலசிய காக்ரேன் மதிப்பாய்வும் உறுதியான சான்று இல்லை என்றது. நம் மூலிகைக்குக் கிடைத்தது நேர்மையான விசாரணை. அதன் தீர்ப்பை நாமும் நேர்மையாக ஏற்க வேண்டும்: பி வைரஸ் உள்ளவர் கீழாநெல்லியை நம்பி மருத்துவரைத் தவிர்ப்பது, கிடைத்த அவகாசத்தை இழப்பதாகும்.

பிறந்த 24 மணி நேரம்

ஹெபடைடிஸ் பி எந்த வயதில் தொற்றுகிறது என்பதுதான் ஒருவரின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. வளர்ந்த ஒருவருக்குத் தொற்றினால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரின் உடல் வைரஸை விரட்டிவிடும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால், நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளுக்கு அது வாழ்நாள் முழுவதும் தங்கிவிடும். பச்சைக் குழந்தையின் எதிர்ப்பு அணுக்கள் வைரஸை அந்நியன் என்று அடையாளம் காணாமல் தன் உடலின் பகுதியாகவே ஏற்றுக்கொள்கின்றன. நாற்பது வயதில் ஈரல் புற்றோடு வரும் ஒருவருக்கு, அந்த நோய் பிரசவ அறையிலேயே தொடங்கியிருக்கலாம்.

ஆகவே தடுப்பூசியின் முதல் தவணை பிறந்த 24 மணி நேரத்துக்குள் விழ வேண்டும். பிறகு ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசியோடு மற்றத் தவணைகள். தாய்க்கு வைரஸ் இருந்தால் குழந்தைக்கு இம்யூனோகுளோபுலின் ஊசியும் சேர்த்துப் போடுவார்கள். தாயின் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமென்றால் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் டெனோஃபோவிர் கொடுப்பார்கள்.

இதனால் புற்றுநோய் உண்மையிலேயே குறைகிறதா? தைவான் 1984-ல் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது. 1981–86-ல் ஆறு முதல் பதினான்கு வயதுள்ள லட்சம் குழந்தைகளுக்கு 0.70 என்று இருந்த ஈரல் புற்றுநோய், 1990–94-ல் 0.36 ஆனது. தடுப்பூசியால் ஒரு புற்றுநோயைக் குறைக்க முடியும் என்று மனித குலம் கண்ட முதல் சான்று அது.

இந்தியாவில் 1997-ல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் உள்நாட்டிலேயே ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தயாரித்து, வெளிநாட்டு விலையில் சிறு பங்குக்கு விற்றது. 2002-ல் சில மாவட்டங்களிலும் நகரங்களிலும் முன்னோட்டமாகத் தொடங்கிய அரசுத் திட்டம், 2011-ல்தான் நாடு முழுவதற்கும் விரிந்தது. தமிழ்நாடும் கேரளமும் அந்த ஆண்டு டிசம்பரில் பென்டாவேலன்ட் ஊசியை முதலில் ஏற்ற மாநிலங்கள். அப்படியானால், இன்று இருபது வயதைத் தாண்டிய நம்மில் பெரும்பாலானோருக்குப் பிறந்தவுடன் அந்த ஊசி போடப்படவில்லை. அடுத்த தலைமுறைக்குத் தடுப்பூசி இருக்கிறது. நமக்கு இருப்பது பரிசோதனை.

தெரிந்துகொண்ட பிறகு

உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி, இந்தியாவில் 2.98 கோடிப் பேருக்கு ஹெபடைடிஸ் பி, 55 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் சி. உலக அளவில் பி உள்ளவர்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கே அது தங்களிடம் இருப்பது தெரியும். சிகிச்சை பெறுவோர் நூற்றுக்கு மூன்று பேர்.

பலர் பரிசோதனைக்குத் தயங்குவது நோய்க்குப் பயந்து மட்டுமல்ல, ஊருக்குப் பயந்தும்தான். தாளில் ‘பாசிட்டிவ்’ என்று வந்தால் கல்யாணம் நின்றுபோகும், தட்டும் டம்ளரும் தனியாக வைக்கப்படும், வெளிநாட்டு வேலை கைவிட்டுப் போகும். பி வைரஸ் சேர்ந்து சாப்பிடுவதால் பரவாது. கட்டிப்பிடிப்பதால், ஒரே குளியலறையைப் பயன்படுத்துவதால், இருமுவதால் பரவாது. கணவனுக்கு இருந்தால் மனைவிக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் போதும். தாய்க்கு இருந்தாலும், குழந்தைக்கு உரிய ஊசிகள் விழுந்துவிட்டால் தாய்ப்பால் கொடுக்கலாம். ஒதுக்கிவைப்பதால் வைரஸ் ஒதுங்குவதில்லை. மனிதர்கள் ஒளிந்துகொள்கிறார்கள், அவர்களோடு சேர்ந்து நோயும் ஒளிந்துகொள்கிறது.

பி இருக்கிறது என்று தெரிந்தால் உடனே எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. வைரஸ் அளவு, ஈரல் என்சைம்கள், இறுக்கம் ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். ஆனால் தொடர் கண்காணிப்பு கட்டாயம். சிரோசிஸ் உள்ளவர்களும், பி உள்ள நாற்பது வயதைத் தாண்டிய ஆண்களும், ஐம்பதைத் தாண்டிய பெண்களும், குடும்பத்தில் ஈரல் புற்று இருந்தவர்களும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும். சி குணமான பிறகும், ஈரல் ஏற்கனவே இறுகியிருந்தால் இந்தக் கண்காணிப்பை விடக் கூடாது. கட்டி இரண்டு சென்டிமீட்டராக இருக்கும்போது பிடிபட்டால் வெட்டி எடுக்கலாம், சூட்டால் பொசுக்கலாம், மாற்று ஈரல் வைக்கலாம். முற்றிய நிலையில் வந்தவர்களுக்கு, பெரிய முன்னேற்றம் என்று 2008-ல் கொண்டாடப்பட்ட சோராஃபெனிப் மாத்திரை, சராசரி ஆயுளை 7.9 மாதத்திலிருந்து 10.7 மாதமாக நீட்டித்தது. அதற்குப் பிறகு வந்த மருந்துகள் இன்னும் கொஞ்சம் கூடுதல் காலம் தருகின்றன. முப்பது ஆண்டு அவகாசத்தைத் தவறவிட்டவருக்கு, மாதங்களைக் கூட்டிக் கொடுக்கத்தான் மருத்துவத்தால் முடிகிறது.

ஆகவே இதைப் படிப்பவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பி-க்கான எச்பிஎஸ்ஏஜி, சி-க்கான ஹெச்சிவி என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் வாழ்வில் ஒருமுறையாவது செய்துகொள்ளுங்கள். எப்போதாவது ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களும், ஒரே ஊசி பலருக்குப் போன காலத்தில் வளர்ந்த பெரியவர்களும் முதலில் போகட்டும். பி தொற்று இல்லையென்றால் அதற்கான மூன்று தவணைத் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் வீட்டில் உள்ள எல்லோரையும் அழைத்துப்போய்ப் பரிசோதியுங்கள். கர்ப்பிணிக்கு முதல் மூன்று மாதங்களுக்குள் இந்தப் பரிசோதனை நடந்ததா என்று கேளுங்கள். வீட்டில் குழந்தை பிறந்தால், முதல் நாள் ஊசி விழுந்ததா என்று தடுப்பூசி அட்டையை வாங்கிப் பாருங்கள். மேற்கு வங்கத்தின் 227 பேரைத் தேடி மருத்துவர்கள் போனார்கள். நம்மைத் தேடி யாரும் வரப்போவதில்லை. நாம்தான் போக வேண்டும்.